மெய்யியல் வரலாற்றாசிரியராகச் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்: ‘இந்திய மெய்யியல்’ நூலின் அமைப்பும் தமிழ் மரபின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (1888–1975) குடியரசுத் தலைவராகவும் ஆசிரியராகவும் பரவலாக அறியப்பட்டவர். அவருடைய கல்விப் பணியின் மையம் மெய்யியல் வரலாற்றை எழுதியதாகும். 1923, 1927 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மெய்யியல்’ எனும் ஆங்கில நூல், இந்தியப் பல்கலைக்கழகங்களில் அத்துறைப் பாடம் உருப்பெற்ற முறையைப் பெரிதும் தீர்மானித்தது. அந்நூலின் அமைப்பு அவர் மாணவப் பருவத்தில் எதிர்கொண்ட வினா ஒன்றிற்கு அளித்த விடையாக உருவானது என்பதையும், அவ்விடையின் தன்மையால் தமிழில் எழுதப்பட்ட மெய்யியல் நூல்கள் வரலாற்றின் ஓரத்திற்குச் சென்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது. மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய நூல்கள் தாமே மெய்யியல் வரலாற்றுச் சான்றுகளாக அமைவது இங்கு ஒப்புநோக்கப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: இராதாகிருஷ்ணன், இந்திய மெய்யியல், மெய்யியல் வரலாறு, சைவ சித்தாந்தம், மணிமேகலை, பரபக்கம், ஆசீவகம்.

முன்னுரை

மெய்யியலாளர் ஒருவரின் கருத்தை விளக்குவது ஒரு பணி. பல நூற்றாண்டுகளின் கருத்துகளை வரிசைப்படுத்தி வரலாறாக எழுதுவது வேறொரு பணி. இரண்டாவது பணியை மேற்கொள்பவர் எதனைத் தொடக்கமாகக் கொள்வது, எதற்கு எத்தனை பக்கம் அளிப்பது, எதனை விடுவது என ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அம்முடிவுகள் நூலில் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. இயல் தலைப்புகளிலும் பக்க அளவிலும் அவை மறைந்திருக்கும். நூல் பாடமாகி நிலைபெற்ற பின் அம்முடிவுகள் இயற்கையான உண்மைகள் போலத் தோன்றத் தொடங்குகின்றன.

இராதாகிருஷ்ணனின் ‘இந்திய மெய்யியல்’ இவ்வாறு நிலைபெற்ற நூலாகும். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பலவும் அவர் வகித்த பதவிகளை விரித்துரைக்கும் அளவிற்கு அவர் எழுதிய வரலாற்றின் உள்ளமைப்பை ஆராய்வதில்லை. ஆகவே அவருடைய கல்வி வாழ்வை அந்நூல் உருவான வழியாகக் காண்பதும், அதன் அமைப்பைத் தமிழ் நூல்களின் நோக்கிலிருந்து மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. கல்வியும் முதல் வினாவும்

இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருத்தணியில் தொடக்கக் கல்வியும், திருப்பதியில் இலூத்தரன் மறைப்பணியாளர் நடத்திய பள்ளியிலும் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் அடுத்த நிலைக் கல்வியும் பெற்று, 1904 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். மெய்யியலைப் பாடமாகத் தேர்ந்ததில் பெருந்திட்டம் எதுவும் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் மெய்யியல் பாடநூல்களை அளித்ததே அத்தேர்வுக்கு வழிவகுத்தது.

இப்பள்ளிகளும் கல்லூரிகளும் அனைத்தும் கிறித்தவ மறைப்பணி நிறுவனங்கள் என்பது கருதத்தக்கது. இந்து சமயச் சிந்தனை குறித்த கடுமையான திறனாய்வு அவ்வகுப்பறைகளில் வழக்கமாக இருந்தது. வேதாந்தம் உலகை மாயை என்கின்றது. உலகே பொய்யெனில் நன்மை தீமை என்னும் வேறுபாடும் பொய்யாகும். எனவே வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்பது அத்திறனாய்வின் சாரம். தம் சமயத்தின் மீதான இத்திறனாய்வே தம்மை அதனை ஆராயத் தூண்டியது என இராதாகிருஷ்ணன் பிற்காலத்துத் தன்வரலாற்றுக் கட்டுரைகளில் குறிப்பிட்டுள்ளார்.

முதுகலைப் பட்டத்திற்காக 1908 இல் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள் வேதாந்தத்தின் அறவியலும் அதன் மெய்ப்பொருளியல் அடிப்படைகளும் என்பதாகும். அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய ஆசிரியர்களுள் வில்லியம் சுகின்னர், ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மறைப்பணியாளரான ஹாக், கன்மக் கொள்கையையும் கிறித்தவ மீட்புக் கொள்கையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். தம் மாணவரின் ஏடு தம் தரப்பை மறுப்பதாக இருந்தபோதும் அதனைப் பாராட்டியவர் அவர். அவ்வகையில் இராதாகிருஷ்ணனின் முதல் நூலே ஒரு மறுமொழியாக அமைந்தது. வினாவை எழுப்பியவர் வேதாந்தத்தை முன்வைத்து எழுப்பினார். விடையும் வேதாந்தத்தை முன்வைத்தே பிறந்தது. பிற்கால நூல்கள் அனைத்திற்கும் இத்தொடக்கம் ஒரு திசையை வகுத்துக் கொடுத்தது எனலாம்.

2. அவ்வினாவின் முன்வரலாறு

மறைப்பணியாளர்கள் இம்மண்ணின் சிந்தனையோடு நிகழ்த்திய உரையாடல் சென்னைக் கல்லூரியில் தொடங்கியதன்று. அது முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 16 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இயேசு சபைத் துறவி அன்றீக்கு அன்றீக்கசு, 1548 அக்டோபர் 31 ஆம் நாள் வேம்பாரிலிருந்து இக்னேசியு லொயோலாவுக்கு எழுதிய மடல் இவ்வகையில் தொடக்ககாலச் சான்றாகும். தமிழைக் கற்று, அதற்கு இலக்கண விதிகளைத் தொகுத்து, மக்களின் மொழியிலேயே சமய உரையாடல் நிகழ வேண்டும் என்னும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்த காலம் அது. அவர் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி, 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஆகியோர் அவ்வழியைத் தொடர்ந்தனர்.

19 ஆம் நூற்றாண்டில் இவ்வுரையாடல் தமிழ் மெய்யியல் நூல்களின் மொழிபெயர்ப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் என்றி ஒய்சிங்டன் தத்துவக் கட்டளை, சிவஞான போதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1854 இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். சாயர்புரத்தில் தம் பணிக்காலத்தின் தொடக்க ஆண்டுகளைக் கழித்த ஜி.யு. போப்பு, 1900 இல் திருவாசக மொழிபெயர்ப்பைச் சைவ சித்தாந்தம் பற்றிய விரிவான குறிப்புகளுடன் வெளியிட்டார். செருமானிய அறிஞர் சோமரசு சைவ சித்தாந்தம் குறித்த பெருநூல் ஒன்றை 1912 இல் தம் மொழியில் எழுதினார்.

தமிழறிஞர் தரப்பிலும் இதற்கு இணையான முயற்சி நிகழ்ந்தது. ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை (1864–1920) சிவஞான போதத்தை 1895 இலும் சிவஞான சித்தியாரை 1913 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1897 முதல் ‘சித்தாந்த தீபிகை’ இதழை நடத்தினார்.

ஆக, இராதாகிருஷ்ணன் சென்னையில் மாணவராக இருந்த காலத்தில் மறைப்பணியாளருக்கு மறுமொழி கூற இரு தளங்கள் இருந்தன. ஒன்று வடமொழி வேதாந்தம். மற்றொன்று தமிழ்ச் சைவ சித்தாந்தம். இரண்டாவது தளத்தில் உலகம் உள்பொருள், உயிர்கள் பல, வினைக்குப் பொறுப்பு உயிருக்கு உண்டு. உலகம் பொய்யெனில் அறம் எவ்வாறு எனும் வினா இத்தளத்தில் எழுவதே இல்லை. இராதாகிருஷ்ணன் தேர்ந்தது முதலாவது தளம். அத்தேர்வின் காரணங்கள் அவருடைய பணி வாழ்வில் புலப்படுகின்றன.

3. சென்னையிலிருந்து கல்கத்தா வரை

1909 இல் இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் ஆசிரியரானார். மேலை மெய்யியலையும் அளவையியலையும் உளவியலையும் கற்பித்துக்கொண்டே வடமொழி மூலநூல்களை ஆழ்ந்து பயின்றார். பகவத்கீதையின் அறவியலையும் காண்டின் அறவியலையும் ஒப்பிட்டு 1911 இலும், வேதாந்த அறவியல் குறித்து 1914 இலும் பன்னாட்டு அறவியல் இதழில் கட்டுரைகள் எழுதினார். 1918 இல் மைசூர் மகாராஜா கல்லூரிக்குச் சென்றார். அதே ஆண்டில் இரவீந்திரநாத் தாகூரின் மெய்யியல் பற்றிய நூலும், 1920 இல் சமகால மேலை மெய்யியலில் சமயத்தின் ஆட்சி பற்றிய நூலும் வெளிவந்தன. 1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் மெய்யியல் இருக்கை அவருக்கு அளிக்கப்பட்டது.

அக்காலத்து ஆங்கில மெய்யியல் உலகில் கிரீன், பிராட்லி, போசாங்கே முதலானோரின் கருத்துமுதற் கொள்கை செல்வாக்குடன் விளங்கியது. முழுமுதல் மெய்ம்மை ஒன்றே. தோற்றங்கள் பல என்னும் அக்கொள்கைக்குச் சங்கரரின் அத்துவைதம் நெருங்கியதாகத் தோன்றியது. இராதாகிருஷ்ணனை இந்திய மெய்யியல் வரலாறு எழுத அழைத்த ஜே.எச். மியூர்கெட்டும் அக்கொள்கை சார்ந்தவரே. அவர் பதிப்பித்த மெய்யியல் நூல்வரிசையில் முதல் தொகுதி 1923 இலும் இரண்டாம் தொகுதி 1927 இலும் இலண்டனில் வெளிவந்தன.

எனவே வேதாந்தத் தளத்தின் தேர்வுக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். வினாவே வேதாந்தம் குறித்து எழுப்பப்பட்டது என்பது முதற்காரணம். அவருக்குக் கைவந்த புலமை மொழிகள் ஆங்கிலமும் வடமொழியும் என்பது இரண்டாவது. மேலை வாசகருக்கு எளிதில் புரியும் ஒப்புமை அத்துவைதத்தில் கிடைத்தது என்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் தமிழ் மரபின் மீதான பகைமை அன்று. நோக்கம் இன்றி நிகழ்ந்ததாலேயே அதன் விளைவு எளிதில் புலப்படாமல் நீடித்தது.

4. ‘இந்திய மெய்யியல்’ நூலின் கட்டமைப்பு

இரு தொகுதிகளும் பதினோரு இயல்கள் வீதம் அமைந்தவை. முதல் தொகுதி வேதகாலம், இதிகாச காலம் என இரு பகுதிகளை உடையது. இருக்கு வேதப் பாடல்கள், உபநிடதங்கள், உலகாயதம், சமணம், தொடக்ககாலப் பௌத்தம், இதிகாச மெய்யியல், பகவத்கீதை, பௌத்தப் பிரிவுகள் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. இரண்டாம் தொகுதி நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், பூர்வ மீமாஞ்சை, வேதாந்த சூத்திரம் ஆகியவற்றை விளக்கிச் சங்கரருக்கும் இராமானுசருக்கும் தனித்தனி இயல்களை அளிக்கின்றது. முடிவுரைக்கு முந்தைய பத்தாம் இயல் சைவ, சாக்த, பிற்கால வைணவ இறைக் கொள்கைகளைப் பற்றியது.

இந்நூலின் சிறப்புகள் பல. சமணத்தையும் பௌத்தத்தையும் உலகாயதத்தையும் வேதநெறிக்குப் புறம்பானவை என ஒதுக்காமல் முதல் தொகுதியின் பெரும்பகுதியை அவற்றுக்கு அளித்தமை குறிப்பிடத்தக்கது. சூத்திரங்களையும் உரைகளையும் வாசிக்க இயலாத பொதுவாசகருக்கும் புரியும் தெளிந்த நடையில், மேலை மெய்யியலாளரோடு ஒப்பிட்டு அவர் எழுதினார். மெய்யியல் என்பது கிரேக்கரில் தொடங்கி ஐரோப்பியரில் முடிவது என்னும் பொதுக் கருத்துக்கு எதிராக, இந்தியாவுக்கும் தொடர்ச்சியான சிந்தனை வரலாறு உண்டு என்பதை உலக அரங்கில் நிறுவியவற்றுள் இந்நூல் முதன்மையானது. 1922 இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக வெளிவந்த சுரேந்திரநாத் தாசுகுப்தாவின் வரலாறு மூலநூல் ஆழத்தில் இதனை விஞ்சியது. ஆயினும் பரவலிலும் செல்வாக்கிலும் இராதாகிருஷ்ணனின் நூலே முன்னின்றது.

பக்க அளவை நோக்கினால் நூலின் ஈர்ப்புமையம் தெளிவாகின்றது. சங்கரரின் அத்துவைதத்திற்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அளிக்கப்பட்டுள்ளன. பத்தாம் இயல் முழுமையும் ஐம்பது பக்கங்களுக்குள் அடங்குகின்றது. அவ்வியலில் சைவ சித்தாந்தம், காசுமீரத்துப் பிரத்தியபிஞ்ஞை, சாக்தம், மத்துவர், நிம்பார்க்கர், வல்லபர், சைதன்னியர் ஆகிய ஏழு மரபுகள் இடம்பெறுகின்றன. தமிழில் முழுமையான மூலநூல்களும் உரைகளும் கொண்ட ஒரு மெய்யியல் மரபு, ஏழில் ஒன்றாகச் சில பக்கங்களில் முடிகின்றது.

இடத்தின் அளவைக் காட்டிலும் இடத்தின் பெயர் முக்கியமானது. நியாயத்தை ‘அளவைசார் உள்பொருட் கொள்கை’ என்றும் வைசேடிகத்தை ‘அணுசார் பன்மைக் கொள்கை’ என்றும் மெய்யியல் அடைமொழிகளால் குறிக்கும் நூல், சைவ சித்தாந்தத்தை ‘இறைக் கொள்கை’ என்னும் சமயப் பெயரின் கீழ் வைக்கின்றது. அளவைகளை ஆராய்ந்து, காரண காரிய வாதத்தால் பதி, பசு, பாசம் மூன்றையும் நிறுவும் சிவஞான போதம், அறிவாராய்ச்சி நூலாக அன்றிப் பத்தி நூலாக வாசகருக்கு அறிமுகமாவதற்கு இப்பெயரிடலும் ஒரு காரணமாயிற்று.

நூல் எழுதப்பட்ட முறை குறித்த கருத்து வேறுபாடு ஒன்றும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. கல்கத்தாவைச் சேர்ந்த ஜதுநாத் சின்கா, தம் ஆய்வேட்டின் பகுதிகள் இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டுள்ளன என 1929 இல் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தார். இராதாகிருஷ்ணன் அதனை மறுத்து எதிர்வழக்குத் தொடுத்தார். 1933 இல் இருதரப்பும் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு கண்டன. சின்காவும் பின்னர் இந்திய மெய்யியல் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்றார்.

5. தமிழ் நூல்களில் மெய்யியல் வரலாறு

தமிழ் மரபு வரலாற்றாசிரியரால் விவரிக்கப்பட வேண்டிய ஒரு பொருள் மட்டுமன்று. அது தானே பிற மெய்யியல்களை வகைப்படுத்தி வரிசையிட்டு மதிப்பிட்டுள்ளது. அவ்வகையில் மூன்று நூல்கள் முதன்மை பெறுகின்றன.

மணிமேகலையின் 27 ஆம் காதையான ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி ஆகிய பதின்மரும் தத்தம் கொள்கையைக் கூறக் கேட்பதாக அமைந்தது. இங்கு வரிசையில் முதலிடம் பெறுவது அளவை என்பது கருதத்தக்கது. எவ்வழியால் அறிகின்றோம் என்னும் வினா தீர்ந்த பின்னரே எதனை அறிகின்றோம் என்னும் வினாவுக்குச் செல்ல இயலும் என்னும் ஒழுங்கு அதில் உள்ளது. 29 ஆம் காதை பௌத்த அளவையியலை விளக்குகின்றது. அதன் பகுதிகள் சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் எனும் வடமொழி நூலோடு நெருங்கிய ஒப்புமை உடையவை என்பது ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

நீலகேசி சமண நோக்கில் எழுந்த வாத நூல். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோரோடு அதன் தலைவி வாதிடுகின்றாள். மறைந்துபோன குண்டலகேசியின் கருத்துகளை அறியவும் இந்நூலும் இதன் உரையான சமய திவாகரமும் துணைசெய்கின்றன. மாநிலக் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய அ. சக்கரவர்த்தி நயினார் 1936 இல் இந்நூலைப் பதிப்பித்தார். இராதாகிருஷ்ணனின் இரண்டாம் தொகுதி வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இப்பதிப்பு வெளிவந்தது.

13 ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கின்றார். உலகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், நிகண்டவாதம், ஆசீவகம், பட்டாசாரியம், பிரபாகரம், சத்தப்பிரமவாதம், மாயாவாதம், பாற்கரியம், நிரீச்சுர சாங்கியம், பாஞ்சராத்திரம் என்பன அவை. ஒவ்வொன்றையும் முதலில் அதன் தரப்பிலிருந்தே கூறிப் பின்னர் மறுப்பது அவர் முறை. உமாபதி சிவம் 1313 ஐ ஒட்டி இயற்றிய சங்கற்ப நிராகரணம் ஒருபடி மேலே சென்று, தம் மரபுக்கு அணுக்கமான கொள்கைகளோடு வேறுபாட்டை வரையறுக்கின்றது. தொலைவிலுள்ளதை மறுப்பதைக் காட்டிலும் அண்மையிலுள்ளதைப் பிரித்தறிவது நுண்ணிய பணியாகும்.

இந்நூல்கள் தற்காலப் பொருளில் வரலாறுகள் அல்ல. காலவரிசை அவற்றின் நோக்கமன்று. தம் கொள்கையை நிலைநாட்டுவதே நோக்கம். மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் முதலிய வடமொழித் தொகைநூல்களும் இத்தன்மையவே. அவை மெய்யியல் வரலாற்றுக்கு மூலச் சான்றுகளாக ஏற்கப்படும்போது, தமிழ் நூல்களும் அவ்வாறே ஏற்கப்படத் தடையில்லை.

6. விடுபாட்டின் விளைவு: ஆசீவகம் ஒரு சான்று

தமிழ்ச் சான்றுகளை விடுவதால் தமிழுக்கு மட்டுமே இழப்பு எனக் கருதுவது பொருந்தாது. இந்திய மெய்யியல் வரலாற்றுக்கே அது இழப்பாகும் என்பதற்கு ஆசீவகம் தக்க சான்று.

ஆசீவகரின் சொந்த நூல்கள் எவையும் கிடைக்கவில்லை. பாலி, பிராகிருத நூல்களில் காணப்படும் செய்திகள் பெரும்பாலும் மற்கலி கோசாலரின் காலத்தையும் நியதிக் கொள்கையையும் பற்றியவை. அம்மரபு பிற்காலத்தில் எவ்வாறு வளர்ந்தது, அதன் அணுக்கொள்கை யாது என்பனவற்றை அறிய மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகியவற்றையே நாட வேண்டியுள்ளது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றோடு உயிரையும் அணுவாகக் கொள்ளும் ஆசீவகக் கருத்தை மணிமேகலை விளக்குகின்றது. ஏ.எல். பாஷம் 1951 இல் வெளியிட்ட ஆசீவகர் வரலாறு இம்மூன்று தமிழ் நூல்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டே தென்னாட்டு ஆசீவகத்தை மீட்டுருவாக்கியது. ‘இந்திய மெய்யியல்’ இரண்டாம் தொகுதிக்கும் பாஷத்தின் நூலுக்கும் இடையே 24 ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் புதிய தமிழ்நூல் எதுவும் தோன்றிவிடவில்லை. மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் 1898 இலேயே பதிப்பித்திருந்தார். மாறியது சான்றன்று, சான்றை நாடும் நோக்கே.

7. பிற்காலப் பணிகளும் பாடத்திட்டமும்

இராதாகிருஷ்ணனின் புகழ் 1926 க்குப் பின் விரைந்து வளர்ந்தது. அவ்வாண்டு ஆக்சுபோர்டில் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் இந்து வாழ்க்கை நோக்கு பற்றிய நூலாகவும், 1929 இல் ஆற்றிய இப்பர்ட்டு சொற்பொழிவுகள் 1932 இல் கருத்துமுதல் நோக்கில் வாழ்க்கை பற்றிய நூலாகவும் வெளிவந்தன. 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936 முதல் 1952 வரை ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான சுபால்டிங் இருக்கையின் முதல் பேராசிரியர். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1949 முதல் 1952 வரை சோவியத்து நாட்டிற்கான தூதர். 1952 இல் குடியரசுத் துணைத்தலைவர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர் எனப் பதவிகள் தொடர்ந்தன. 1975 ஏப்ரல் 17 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இப்பதவிகளுக்கு இடையிலும் மெய்யியல் வரலாற்றுப் பணியை அவர் கைவிடவில்லை. அவருடைய தலைமையில் அமைந்த பதிப்புக் குழு ‘கீழை மேலை மெய்யியல் வரலாறு’ எனும் இரு தொகுதிகளை 1952–53 இல் வெளியிட்டது. அறிஞர் பலர் பகிர்ந்தெழுதிய அந்நூலில் சைவ சித்தாந்தம் தனிப் பகுதியாக இடம்பெற்றது. ஒருவர் எழுதும் வரலாற்றில் இயலாதது பலர் எழுதும் வரலாற்றில் இயன்றது.

ஆனால் 1957 இல் சார்லசு மூருடன் இணைந்து அவர் தொகுத்த ‘இந்திய மெய்யியல் மூலநூல்’ பழைய கட்டமைப்புக்கே திரும்பியது. வேதம், உபநிடதம், கீதை, மனுநூல், அர்த்தசாத்திரம், உலகாயதம், சமணம், பௌத்தம், ஆறு தரிசனங்கள் எனச் சென்று, வேதாந்தத்தில் சங்கரர், இராமானுசர், மத்துவர் ஆகிய மூவரோடு அமைந்து, இறுதியில் அரவிந்தரையும் இராதாகிருஷ்ணனையும் சமகாலச் சிந்தனையாளராகக் காட்டி நிறைவுறுகின்றது. தமிழில் எழுதப்பட்ட மெய்யியல் நூல் ஒன்றின் பகுதி கூட அதில் இல்லை. உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்படும் தொகுப்பு அது என்பதால் இவ்விடுபாட்டின் தாக்கம் பெரிது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ச.சு. சூரியநாராயண சாத்திரியாரும் அவர் மாணவர் டி.எம்.பி. மகாதேவனும் வளர்த்த இந்திய மெய்யியல் துறை வேதாந்த நூல்களின் பதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் சிறந்த பணியாற்றியது. சாத்திரியார் சீகண்டரின் சிவாத்துவைதம் குறித்து 1930 இல் எழுதினார். வ.ஆ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரைகளையும் ஆராய்ந்து 1960 இல் வெளியிட்ட நூல், தமிழ் மூலத்தை அதன் உரைமரபோடு மெய்யியல் துறைக்குள் கொண்டுவந்த முக்கிய முயற்சியாகும். இருப்பினும் மணிமேகலையும் நீலகேசியும் தமிழ்த்துறைகளில் காப்பியங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. மெய்யியல் துறைகளில் ஆறு தரிசன வரிசையே அடிப்படையாக நீடிக்கின்றது. ஒரே நூல் ஒரு துறையில் அணிநலனுக்காக வாசிக்கப்பட்டு, மறுதுறையில் வாசிக்கப்படாமலே போகின்றது.

8. திறனாய்வுகளும் மறுமதிப்பீடும்

இராதாகிருஷ்ணனின் வரலாற்று நோக்கைப் பலர் மறுமதிப்பீடு செய்துள்ளனர். செருமானிய அறிஞர் பால் ஆக்கர், மேலைக் கருத்துகளை இந்திய மரபின் மீது ஏற்றி வாசிக்கும் புதிய இந்துச் சிந்தனையின் சான்றாக அவரைக் கண்டார். தயா கிருஷ்ணா 1960களில் எழுதிய கட்டுரையில், இந்திய மெய்யியல் ஆன்மிகமானது, வேதத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது, மாறாத தரிசனங்களாகப் பிரிந்தது என்னும் மூன்று கருத்துகளையும் தொன்மங்கள் எனக் கூறி மறுத்தார். மூன்றாவது மறுப்பு இங்கு மிகவும் பொருந்துகின்றது. தரிசனங்களின் எண்ணிக்கை ஆறு என முன்னரே முடிவாகிவிட்டால், ஏழாவதாக வருவது எத்தகையதாயினும் பின்னிணைப்பாகவே அமையும்.

ஆயினும் இத்திறனாய்வுகள் அவர் எழுதிய சூழலை மறந்துவிடக் கூடாது. இந்தியருக்கு மெய்யியல் உண்டா என்பதே வினாவாக இருந்த காலத்தில், அதற்கு ஒரே குரலில் விடை கூறும் நூல் தேவைப்பட்டது. ஒரே குரலில் பேசும் வரலாறு ஒரு மையத்தை நாடுகின்றது. அவர் நாடிய மையம் வடமொழி வேதாந்தமாக இருந்தது. அவ்விடை தன் பணியை நிறைவேற்றிவிட்டது. அவ்வினாவும் இன்று இல்லை. வினா நீங்கிய பின்னும் அதற்கென வகுக்கப்பட்ட வரிசை மட்டும் பாடத்திட்டமாக நீடிப்பதே இன்றைய சிக்கலாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இராதாகிருஷ்ணனின் மெய்யியல் வரலாறு, 1908 இல் ஒரு மாணவராக அவர் அளிக்கத் தொடங்கிய மறுமொழியின் விரிவாகும். அம்மறுமொழி வேதாந்தத் தளத்தில் நின்றதால் அத்துவைதம் நூலின் மையமாயிற்று; தமிழ் மெய்யியல் ‘இறைக் கொள்கை’ எனும் பெயரில் இறுதியில் இடம்பெற்றது. அதே காலத்தில் தமிழ் மூலங்களும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் கிடைத்திருந்தன. எனவே இவ்வமைப்பைச் சான்றின்மையின் விளைவு என்று கூற இயலாது. ஆசீவக வரலாறு காட்டுவது போல், தமிழ் நூல்களை விட்டு எழுதப்படும் இந்திய மெய்யியல் வரலாறு தன் பொருளிலேயே குறைவுபடுகின்றது.

இக்குறையை நீக்க இராதாகிருஷ்ணனின் நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அதனருகில் மணிமேகலையின் 27, 29 ஆம் காதைகளையும், நீலகேசியின் வாதச் சருக்கங்களையும், சித்தியாரின் பரபக்கத்தையும் மெய்யியல் மாணவர்கள் மூலத்தோடு வாசிக்கும் வகையில் பாடத்திட்டம் விரிவுபெற வேண்டும். அதற்குத் தமிழ்த்துறையும் மெய்யியல் துறையும் ஒரே நூலை ஒரே மேசையில் வைத்துப் பயிலும் சூழல் முதலில் அமைய வேண்டும்.